கண்ணுக்குக் கீழே ஒரு சுழி

பந்தயத்துக்கு முந்தின நாள் என் கடையில் வியாபாரம் நடக்காது, வாய்தான் நடக்கும். அருப்புக்கோட்டையில் கொள்ளு, தவிடு, பிண்ணாக்கு விற்கிறவள் நான். திருச்சுழிப் பக்கத்திலிருந்தும் மல்லாங்கிணறு, காரியாபட்டியிலிருந்தும் பந்தயக் குதிரை வைத்திருக்கிறவர்கள் என்னிடம்தான் கொள்ளு வாங்குகிறார்கள். எந்தக் குதிரை தீவனத்தை மிச்சம் வைக்கிறது, எதற்கு வயிறு கோளாறு, எந்தக் குதிரைக்காரன் பெருமைக்கு வாங்கிக்கொண்டு போய்க் கோழிக்குப் போடுகிறான் என்பதெல்லாம் நான் உட்கார்ந்த இடத்துக்கே வந்து சேரும். அதனால் எந்த ஊர்ப் பொங்கலுக்குப் பந்தயம் விட்டாலும், நாலு பேர் வந்து மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, “யக்கா, நாளைக்கு எது முந்தும்?” என்பார்கள். நானும் சொல்வேன். இப்போதெல்லாம் அதைப் போனில் பதிந்து ஊர் ஊராக அனுப்புகிறார்கள். என் பேச்சை நம்பி எவனாவது பந்தயப் பணம் கட்டினான் என்று காதில் விழுந்தால் மட்டும், அவன் வீட்டு வாசலுக்கே போய்க் கிழித்துவிட்டு வருவேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கென்று மைதானம் கிடையாது. தார் ரோடுதான் மைதானம். இரண்டு சக்கரம் வைத்த இலேசான வண்டி, ஒற்றைக் குதிரை, ஓட்ட ஒற்றை ஆள். ஊர் முகப்பில் கொடி அசைத்ததும் கிளம்ப வேண்டும். சில மைல் தள்ளி நட்டிருக்கிற கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே முதலில் யார் வருகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. அவ்வளவுதான் விஷயம். ஆனால் இத்தனை வருடம் பார்த்த பிறகும் குதிரை ஓடி வந்தால் எனக்கு வாய் பிளந்துவிடுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ரோட்டோரம் நின்று பாருங்கள். குதிரை கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் கேட்காது. முதலில் உள்ளங்காலில்தான் தெரியும். ரோடு மெதுவாக அதிரும். பிறகுதான் காது, அப்புறம்தான் கண். அந்த நேரத்தில் எனக்குப் பேச்சு வராது. பேச்சு வராமல் நான் நிற்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

போன பங்குனியில் என் பிறந்த ஊர்க் கோயில் பொங்கலுக்குப் பந்தயம். அதற்கு நான் பேசி அனுப்பியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

“மல்லாங்கிணத்துச் சாம்பலு நல்ல குதிரை, இல்லேங்கல. ஆனா அவுக பந்தயம் வாற வாரம் மட்டும் மூட்டை மூட்டையா கொண்டக்கடலை வாங்குறாக. பரீட்சைக்கு முந்தின நாளு படிக்கிற பிள்ளை மாதிரி. போகும்போது பறக்கும், வரும்போது மூச்சு வாங்கும். காரியாபட்டிக் கறுப்பு... அடேங்கப்பா, என்னா நெஞ்சு! ஆனா சின்ன வயசு. மைக் செட்டுச் சத்தங் கேட்டாப் போதும், காதைப் பின்னால மடக்குது. காதை மடக்குன குதிரை பாதி மனசோடதான் ஓடும். கமுதிப் பக்கமிருந்து ஒரு செவலை வருது. அது ஆத்து மணல்ல பழகுனது. நம்ம ரோட்டுல தாரு சூடேறிட்டா காலை எண்ணி எண்ணி வைக்கும். அதனால, முதல்ல வாரது எங்க ஊரு அழுமூஞ்சிதான். ரெண்டாவது சாம்பலு. தம்பி குதிரைங்கிறதுக்காகச் சொல்லல. அது தெனமும் ஓடுறதே அந்த ரோட்டுலதான். எங்கன பள்ளம், எங்கன வேகத்தடை, எல்லாம் அதுக்கு அத்துபடி. சொந்த வீட்டு அடுப்படிக்கு லைட்டு எதுக்கு?”

பேசி முடித்ததும் நானே ஒருமுறை போட்டுக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அழுமூஞ்சி என்பது என் தம்பியின் பெண்குதிரை. தம்பி தறி ஓட்டுகிறவன். ஷிப்ட் முடிந்து வந்தால் குதிரையே கதி. அதன் வலது கண்ணுக்குக் கீழே, கண்ணீர் வழிந்தால் எங்கே வழியுமோ அங்கே, மயிர் வட்டமாகச் சுழித்திருக்கும். ஒரு ரூபாய்க் காசு அளவுதான். எங்கள் பக்கத்தில் மாடானாலும் குதிரையானாலும் சுழி பார்க்காமல் யாரும் கயிற்றைத் தொட மாட்டார்கள். நெற்றிச் சுழி நல்லது, கழுத்துச் சுழி பரவாயில்லை, கண்ணுக்குக் கீழே இருந்தால் ஆகவே ஆகாது. அந்தக் குதிரை வந்த வீட்டில் கண்ணீர் சிந்தாமல் விடாது என்பார்கள். அதனாலேயே யாரும் வாங்காமல் கிடந்ததை இவன் ஓட்டிக்கொண்டு வந்தான். பேரும் அதனால்தான் அப்படி ஆனது.

தம்பியின் மாமனாருக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஆனால் மகள் பல வருடம் கழித்து வயிற்றில் பிள்ளையோடு நின்றபோது, பிடிக்காதது பயமாகிவிட்டது. அந்த மனுசரைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் வீட்டுக்குச் சுழி சரியில்லாத ஒரு காளை வந்த வருடத்தில்தான் அவர் சம்சாரம் போய்ச் சேர்ந்தது. வந்தது காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் மனசில் வந்தது காளைதான். “எங்க வீட்டுல அழுதது போதும் மாப்ளே. பிள்ளை பொறக்கிற வீட்டுல இது நிக்கக் கூடாது,” என்று சொல்லிவிட்டார். தம்பி காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். கடைசியில் ஒரு பேச்சு முடிந்தது. ஊர்ப் பந்தயத்தில் அழுமூஞ்சி முதலாவதாக வந்தால், அது ராசியான குதிரை என்று ஒத்துக்கொண்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் அன்றைக்கே குதிரை வியாபாரியின் வண்டியில் ஏற்றிவிட வேண்டும். அந்த வியாபாரி வாங்கிய குதிரைகள் எந்த ஊருக்குப் போகின்றன, என்ன ஆகின்றன என்று யாருக்கும் தெரியாது. தம்பியும் கேட்கவில்லை. கேட்டால் தூக்கம் போய்விடும் என்று பயந்திருப்பான்.

பந்தயத்தன்று காலையில் நான் ஊருக்குப் போய் இறங்கியபோது, கோயில் பக்கத்து வேப்பமரத்தடியில் அந்த லோடு வண்டி ஏற்கெனவே வந்து நின்றது. பின்கதவைத் திறந்து வைக்கோல்கூடப் போட்டு வைத்திருந்தார்கள். “இன்னும் பந்தயமே விடல, அதுக்குள்ள பாடையைக் கட்டி வச்சுட்டாகளா?” என்று சத்தமாகவே கேட்டேன். டிரைவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் மாட்டு வண்டிகள் ஓடி முடித்தன. வெயில் ஏறுவதற்குள் குதிரைகளை நிறுத்தினார்கள். நான் கிட்டப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சாம்பல் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. கறுப்பு நான் சொன்னபடியே காதை மடக்கிக்கொண்டிருந்தது. செவலை வாயில் நுரையோடு காலை மாற்றி மாற்றி வைத்தது. அழுமூஞ்சி மட்டும் ரோட்டைப் பார்த்தபடி அமைதியாக நின்றது. அந்தத் தோலுக்கு அடியில் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது, தோள் தானாகத் துடித்தது. கையை வைத்தேன். சூடு. இவ்வளவு பலம் ஒரு மெல்லிய வாருக்குக் கட்டுப்பட்டு நிற்கிறதே என்று எனக்குச் சிலிர்த்துவிட்டது. தம்பி என்னைப் பார்க்காமலே, “யக்கா, நல்லதா நாலு வார்த்தை சொல்லு,” என்றான். “அதான் ஊரு பூரா சொல்லி அனுப்பிட்டேனேடா, போ,” என்றேன்.

பந்தயத்துக்குப் பின்னால் வண்டியில் விரட்டிக்கொண்டு போனால்தான் பார்க்க முடியும். தம்பியின் மாமனாரிடம் ஒரு பழைய மொபெட் உண்டு. அவர் அதை உதைத்துக் கிளப்புவதைப் பார்த்து, கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டேன்.

“ஏத்தா, ஒன்னையும் சுமந்துக்கிட்டு இது நகருமா?”

“தவிட்டு மூட்டை ரெண்டு ஏத்துறீகள்ல மாமா, அப்படி நெனச்சுக்கங்க.”

கொடி விழுந்தது. சட்டென்று ஒரு பெரிய சத்தம், அத்தனை குளம்பும் ஒன்றாகத் தாரில் விழுந்த சத்தம், கூட்டம் வாயை மூடிக்கொண்டது. பிறகுதான் கத்தினார்கள். அழுமூஞ்சி முதல் வேகத்தடையிலேயே முன்னால் போய்விட்டது. மற்றக் குதிரைகள் மேட்டைப் பார்த்து வேகம் குறைத்த இடத்தில், இது முன்பே தெரிந்து சாய்ந்து ஏறியது. கண்மாய்க் கரை வளைவில் தம்பியின் சட்டை மட்டும் தூரத்தில் தெரிந்தது. நான் மாமாவின் தோளில் ஓங்கி ஒன்று வைத்து, “பாத்தீகளா! சொன்னேன்ல!” என்று கூவினேன். அவர் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார், அதை நான் கவனித்தேன்.

கண்மாயைத் தாண்டினால் ஓடைப்பாலம். அங்கே முன்னால் போன வண்டிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. ரோட்டில் ஏதோ விழுந்து கிடக்கிறது என்று நினைத்தேன். கிட்டப் போனதும்தான் தெரிந்தது. எல்லா வண்டியும் போய்விட்டது. அழுமூஞ்சி மட்டும் பாலத்தில் நின்றது. பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த தம்பி பெண்டாட்டியின் மடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது.

அட பாவமே! அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. டாக்டரம்மா நடக்கச் சொன்னதிலிருந்து அந்தப் பெண் தினமும் விடியலில் பாலம் வரைக்கும் நடந்து வந்து, அந்தச் சுவரில்தான் உட்காருவாள். தம்பி குதிரையைப் பழக்க ஊரிலிருந்து பாலம் வரைக்கும் ஓட்டி வருவான். அவள் கையிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டி. தின்றதும் குதிரை தானாகத் திரும்பும், ஊருக்கு ஓடும். ஒரு நாள்கூடப் பாலத்தைத் தாண்டி ஓட்டியதில்லை. பந்தயக் கம்பமோ பாலத்துக்கு அந்தப் பக்கம் வெகுதூரத்தில். தெரிந்த ரோடு, தெரிந்த ரோடு என்று நான் ஊரெல்லாம் மெச்சிக்கொண்டேனே, அந்தக் குதிரைக்கு ரோடு அந்த இடத்தில் முடிந்துவிட்டது. அவளும் பந்தயம் பார்க்க, வழக்கம்போல அதே இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். குடும்பத்தில் இத்தனை பேர் இருந்தும் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

தம்பி வாரை இழுத்தான், நாக்கைத் தட்டினான், கெஞ்சினான். அவன் சாட்டை எடுக்காதவன். “போ தாயி, போ, இன்னிக்கு ஒரு நாளு போயிரு,” என்றான். குதிரை அவள் வெறும் கையை நக்கிப் பார்த்துவிட்டு, ஊர்ப் பக்கம் திரும்பப் பார்த்தது.

அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அதிர்ந்து பேசாத பெண் அது. கடிவாளத்தைப் பிடித்து, அவ்வளவு பெரிய முகத்தைக் கம்பம் இருக்கிற திசைக்குத் திருப்பினாள்.

“இங்கன எதுக்கு நிக்குற? அந்தா, அங்க போகணும். போயிட்டு வா. நான் எங்கயும் போகல, இங்கனதான் இருப்பேன்.”

என்னவோ பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி சொன்னாள். குதிரை ஒரு நொடி நின்றது. பிறகு அதுவரை காலே படாத ரோட்டில் இறங்கி ஓடியது.

மாமா மொபெட்டை அணைத்துவிட்டார். விரட்டிப் போக இனி என்ன இருக்கிறது? மூன்று பேரும் பாலத்தில் நின்றோம். சுற்றிலும் கரிசல் காடு, அறுத்துப் போட்ட மக்காச்சோளத் தட்டை, வேலிக்கருவை. தூரத்தில் புழுதி தெரிந்தது, எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை. அப்போது தம்பி பெண்டாட்டி மெதுவாக, “மதினி, திரும்பி வரும்போதும் என்னையப் பாத்து நின்னுருமே,” என்றாள்.

ஆமாம். நின்றுவிடும். அவள் ஓடி ஒளியவும் முடியாது. ஓடைச் சரிவில் இறங்கச் சொல்ல எனக்கே தைரியம் இல்லை. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, மாமா தோளில் கிடந்த துண்டை உதறினார். மகளைச் சுவரோடு ஒட்டி உட்காரவைத்து, அவளுக்கு முன்னால் நின்று, துண்டை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தார்.

“என்ன மாமா இது?” என்றேன்.

“சும்மா இரு. பந்தயம்னா பந்தயமா நடக்கணும்,” என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான் செருப்பைக் கழற்றினேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளங்காலில் வந்தது. முதலில் கறுப்பு போனது. என் வாக்கைப் பொய்யாக்கிக்கொண்டு, காதை மடக்கியபடியே போனது. அடுத்து செவலை, அதன் பின்னால் சாம்பல் மூச்சு வாங்கிக்கொண்டு. இரண்டு மூன்று வண்டி. அதற்கும் பின்னால், ரோடு இன்னொரு விதமாக அதிர்ந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த அதிர்வை நான் அதற்கு முன் உணர்ந்ததில்லை. அழுமூஞ்சி வந்தது. கழுத்தை நீட்டி, வயிறு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து, நாலு காலும் ஒரே நேரம் அந்தரத்தில் நிற்க வந்தது. வண்டியில் தம்பி எழுந்து நின்றிருந்தான், வாரைத் தளர்த்தி விட்டிருந்தான்.

மாமாவின் துண்டு எவ்வளவு பெரிய துண்டு? நிறைமாதத்தை நெருங்குகிற பெண்ணை அது எங்கே மறைக்கும்? சிவப்புச் சேலை இரண்டு பக்கமும் ஊருக்கே தெரிந்தது. குதிரை பார்த்துவிட்டது. எனக்குச் சத்தியமாகத் தெரியும், பார்த்துவிட்டது. ஒரு காது மட்டும் அவள் பக்கம் திரும்பியது, தொண்டையில் ஒரு கனைப்பு எழுந்தது. ஆனால் கால் தடுமாறவில்லை. ‘போயிட்டு வா’ என்று அவள் சொன்னாளே, அந்தப் போக்கு இன்னும் முடியவில்லை என்று அதற்கு எப்படித் தெரிந்தது? இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை. அந்தக் காற்று எங்கள் மூன்று பேரையும் சுவரோடு சாய்த்தது. துண்டு மாமாவின் கையிலிருந்து பறந்துபோய் ஓடையில் விழுந்தது. அவர் கைகளை இறக்க மறந்து அப்படியே விரித்தபடி நின்றார்.

கண்மாய்க் கரையில் அது ஒன்றைத் தாண்டியது. இன்னொன்றையும் தாண்டியது. பிறகு வளைவு மறைத்துவிட்டது. ஊரில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் சத்தம் காட்டைக் கடந்து எங்களிடம் வந்தது. அறிவிக்கிறவன் தொண்டை கிழியக் கத்தினான். சாம்பலை முந்தியது என்றான், செவலையை முந்தியது என்றான், விட்ட தூரத்தை யாரும் இப்படிப் பிடித்துப் பார்த்ததில்லை என்றான். தம்பி பெண்டாட்டி என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் நசுங்கியது. அப்புறம் பெரிய இரைச்சல். அது அடங்கியதும் அவன் நிதானமாகச் சொன்னான். முதலாவது காரியாபட்டி. ஒரு தலை வித்தியாசத்தில் இரண்டாவது, நம்ம ஊரு.

எனக்கு வேப்பமரத்தடியில் திறந்து கிடந்த அந்தப் பின்கதவுதான் கண்ணில் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து தம்பி குதிரையை வண்டியிலிருந்து அவிழ்த்துக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் வேர்வையில் நனைந்திருந்தார்கள். குதிரை நேராக அவளிடம் போய், வந்துவிட்டேன் என்கிற மாதிரி மூக்கை மடியில் வைத்தது. தம்பி மாமனாரின் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னான்:

“பேச்சுன்னா பேச்சு மாமா. வண்டிக்காரன் நிக்கிறான். இவகிட்ட ஒரு தடவை காட்டிட்டு ஏத்திரலாம்னு கூட்டியாந்தேன்.”

மாமா துண்டைத் தேடுகிறவர் போலத் தோளைத் தடவினார். துண்டுதான் ஓடையில் கிடக்கிறதே. புறங்கையால் முகத்தைத் துடைத்தார். அப்போதுதான் பார்த்தேன். சம்சாரம் செத்த வீட்டில் கல்லாக நின்ற மனுசர். கன்னமெல்லாம் நனைந்து, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை போல அழுதுகொண்டிருந்தார். குதிரையின் கிட்டப் போய், அந்தச் சுழியில் கட்டை விரலை வைத்தார். அதுவரை அவர் அந்தக் குதிரையைத் தொட்டதே இல்லை.

“கண்ணுக்குக் கீழ சுழி இருந்தா வந்த வீட்டுல கண்ணீரு சிந்தாம விடாதுன்னு சொன்னேன்ல மாப்ளே? சிந்தியாச்சு. நாந்தான் சிந்துனேன். அதோட சரி, அது வந்த வேலை முடிஞ்சுபோச்சு. இனி எதுக்கு அது எங்கயும் போகணும்? வீட்டுல கட்டு.”

தம்பி நம்பாமல் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன், பேச்சு வரவில்லை. மாமா மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்து, “தாயி, அந்தக் கருப்பட்டிய எந்த டப்பாவுல வச்சிருக்க?” என்று கேட்டார்.